மடித்த இஞ்சேரா

அப்பா, அம்மா, நான், தம்பி. எதிரே தெஸ்ஃபாய் அங்கிளும் அவருடைய மனைவியும். நடுவில் ஒரே ஒரு பெரிய தட்டு, அதிலிருந்து புளித்த மாவின் மணம்.

அங்கிள் எரித்திரியாக்காரர். நகரத்தின் மறுகோடியில், பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் அப்பாவோடு வேலை. எங்களிடம் கார் இல்லை. ஸ்காபரோ வீட்டிலிருந்து அப்பாவைத் தினமும் ஏற்றிப்போய், திரும்பக் கொண்டுவந்து இறக்கியது அவர்தான். அந்த வெள்ளிக்கிழமை தங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடைக்கு எங்களைக் கூட்டிப்போனார். எங்களுக்கு மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லாத நாள். அவர்களுக்கும் வெள்ளி விரதமாம். தோசை போன்ற பெரிய இஞ்சேராவை விரித்து, அதன்மேல் பருப்பும் முட்டைக்கோவாவும் கீரையும் குவித்திருந்தார்கள். கரண்டி கிடையாது. வெளியிடத்தில் அப்பா கையால் சாப்பிட்டதை அன்றுதான் கண்டேன். அம்மா மட்டும் "எச்சில்" என்று எங்களுக்குள் முணுமுணுத்து, ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளித் தின்றா.

அங்கிள் கதைக்கிறதற்காகக் கையை எடுத்திருந்தார். எல்லோரும் முடித்துவிட்டார்கள் என்று அப்பா நினைத்துவிட்டார். எட்டி, எதிர்ப்பக்க இஞ்சேராவைப் பிடித்து, விருந்து முடிந்து வாழையிலையை மடிப்பது போலத் தன் பக்கமாக மடித்தார். மற்றப் பக்கம் மடிப்பது செத்தவீட்டில்தான். அதில் கவனமாகத்தான் இருந்தார். அங்கிளுக்கும் மனைவிக்கும் முன்னால் இருந்த சாப்பாடு முழுக்க மூடிப்போனது.

பக்கத்து மேசையில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னப்பா செய்யிறியள்? உது இலையே?" என்றா அம்மா.

அப்பாவுக்கு ஆங்கிலம் வரவில்லை. என்னைப் பார்த்தார். பத்து வயது ஆங்கிலத்தில் நான் விளக்கினேன். மேசைக்குக் கீழே போய்விடலாம் போல இருந்தது. அங்கிள் சிரிக்கவில்லை. மடிப்பைத் திறந்தார். கறி ஊறின அடி இஞ்சேராதான் ருசி என்று சொல்லி, அப்பா சாப்பிட்ட இடத்திலேயே ஒரு துண்டு கிழித்து, தன் கையால் அப்பாவின் வாய்க்கு நேரே நீட்டினார். அவர்களிடம் அது மரியாதையாம். அப்பா தலையைக் குனிந்தபடி வாயைத் திறந்தார்.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னது ஒன்றுதான். "அந்த மனுசன்ர முகத்தில இனி எப்பிடி முழிக்கிறது?"

திங்கட்கிழமை அங்கிளின் கார் கீழே வந்து ஹோர்ன் அடித்தது. அப்பா பின்கதவால் போய்விட்டார். செவ்வாயும் அப்படித்தான். பிறகு இரவு வேலைக்கு மாற்றிக்கொண்டார். கார் வருவதும் நின்றது.

இப்போது அந்தக் கடையில் போன் திருத்துகிறார்கள். அங்கிள் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அப்பாவைக் கேட்டால், "உதை விடு" என்பார். அதற்குப் பிறகு அவர் வேலைக்குப் போக எடுத்த பஸ், ஒரு வழிக்கு நாலு.