சார்ஜாவுக்கு எத்தனை மணி நேரம்

2006 மார்ச்சில், மகள் ருமானாவின் பிரசவத்துக்காகச் சபுரா சார்ஜாவுக்குப் போக வேண்டியிருந்தது. விருதுநகரில் அவள் கணவர் நாகூர் கனி மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்தார். சீசன் நேரத்தில் அவரால் கடையை விட்டு நகர முடியாது. மதுரையைத் தாண்டித் தனியாகப் போயிராத சபுரா, திருவனந்தபுரத்தில் ஒற்றையாக விமானம் ஏற வேண்டும்.

விமானத்தை நினைத்து அவள் பயப்படவில்லை. சர்க்கரைதான் கவலை. காலையும் மாலையும் ஏழு மணிக்கு இன்சுலின் ஊசி. போட்ட கொஞ்ச நேரத்தில் சாப்பிட்டுவிட வேண்டும். ஒருமுறை சோறு வேகத் தாமதமாகி அடுப்படியிலேயே மயங்கி விழுந்திருக்கிறாள்.

“சாயங்காலம் நாலு மணிக்குக் கெளம்பி ஆறு நாப்பதுக்கு எறங்குதுன்னு டிக்கெட்டுலயே போட்டிருக்கு. நேரா மக வீட்டுக்குப் போயி ஊசியப் போட்டுக்கோ” என்றார் நாகூர் கனி.

சபுராவுக்கு மனம் ஒப்பவில்லை. ருமானாவின் பழைய அட்லஸை விரித்து, திருவனந்தபுரத்திலிருந்து சார்ஜா வரை கடல் மேல் தையல் நூலைப் பிடித்தாள். அதை அடியிலிருந்த அளவுக்கோட்டில் வைத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய இரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் வந்தது. விமானம் மணிக்கு எழுநூறு போகும் என்று மருமகன் அஷ்ஃபாக் போனில் சொன்னான்.

“அப்ப நாலு மணி நேரமாகும்ல. டிக்கெட்டுல மட்டும் எப்படிக் கொறையுது?”

நாகூர் கனி நூலைத் தானும் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு, டிராவல்ஸுக்குப் போன் போட்டு அவளிடம் கொடுத்தார்.

“கெளம்புதது நம்ம நேரம்மா, எறங்குதது அவுக ஊரு நேரம். அங்கன ஒன்றரை மணி நேரம் பின்னாடி” என்றாள் அங்கே வேலை பார்த்த பெண்.

அப்படியானால் விமானம் இறங்கும்போது நம்மூரில் எட்டு மணி தாண்டியிருக்கும். ஊசி நேரம் நடுக்கடலில் வரும். நாகூர் கனியின் முகம் சுருங்கிவிட்டது.

“கடைய அடைச்சிட்டு நானும் வந்திரட்டுமா?”

“வேண்டாங்க. உடம்புக்குச் சார்ஜா மணி தெரியாது. நம்ம மணிக்கே போட்டுக்கிடுதேன்.”

டாக்டரிடம் கேட்டாள். அவரும் அதுதான் சரி என்று சொல்லி, ஊசியை விமானத்தில் கொண்டுபோக ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். எள்ளுப்பொடி தடவிய இட்லிகளை டப்பாவில் அடைத்துக்கொண்டாள்.

அன்று விமானம் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் கிளம்பியது. ஏழு மணிக்குச் சாப்பாட்டு வண்டி முன்வரிசைகளிலேயே நின்றுகொண்டிருந்தது. சபுராவின் இடம் கடைசியில். கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தாள். பிறகு இட்லி டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, முந்தானை மறைவில் ஊசியைப் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் இருந்த நாகர்கோவில்காரப் பெண் முழங்கையை ஒதுக்கிக்கொண்டாள். வண்டி வந்து சேர்ந்தபோது இரண்டு இட்லி மீதமிருந்தது. அதை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தாள்.

“மாமி, மயக்கம் எதுவும் வந்துச்சா?” என்று விமான நிலையத்தில் அஷ்ஃபாக் ஓடி வந்தான்.

“வயிறு நெறைஞ்சு கெடக்கு தம்பி. ருமானா சாப்பிட்டாளா?”

அடுத்த வாரமே பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். நாகூர் கனி மண்டியில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். பதினைந்தாம் நாள் சபுரா லிஃப்டில் தனியாக இறங்கிப் போய், கீழே இருந்த மலையாளிக் கடைக்காரரிடம் தமிழிலேயே பேசி, மகளுக்குப் பூண்டும் சுக்கும் வாங்கி வந்தாள். வரும் வழியில், கடற்கரைக்கு எந்த பஸ் போகும் என்றும் விசாரித்து வைத்திருந்தாள்.