மாவட்டத்துக் காரும் கவிழ்ந்த படகும்

மார்லிஸ் ஸ்கினவேயைச் சந்தேகப் பிறவி என்பார்கள். சொல்லட்டுமே! பழங்குடிப் பிள்ளைகளை வெள்ளையர் வீட்டில் வளர்க்கிறோமென்று, ஆறு வயதில் அவளை மாவட்ட அலுவலகத்து வெள்ளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனபோது இவர்களெல்லாம் எங்கே போயிருந்தார்களாம்? யாரோ வீட்டில் வளர்ந்து, ஒஜிப்வே பழங்குடிகளான எங்கள் ஏரிக்கரைக்கு அவள் திரும்பி வந்தபோது வயது பத்தொன்பது. பெற்றவள் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தாள்.

மீன் பதனிடும் கூடத்தில் வேலை பார்த்துத் தனியாகக் காலம் தள்ளினாள். தங்கை நோயில் விழுந்து மருத்துவமனையோடு கிடக்க, தங்கை மகள் டெஸ்ஸா இவளிடம் வந்தாள். குழந்தை இவளிடமே இருக்கலாமா என்று எங்கள் குலத்து நீதிபதியும் மாநில நீதிபதியும் ஒரே மேசையில் உட்கார்ந்து வழக்குக் கேட்டார்கள். எங்கள் மினசோட்டா மாநிலத்தில் அது புது ஏற்பாடு.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம்" என்றாள் மார்லிஸ்.

வீட்டைப் பார்க்க இருவரும் சேர்ந்தே வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வந்தார்கள். ஆனால் வந்த கார் வெள்ளை. கதவில் மாவட்ட முத்திரை.

அந்தக் காரைக் கண்டால் பிள்ளையை ஒளிப்பது எங்கள் பக்கத்துக் கைப்பழக்கம். கவிழ்த்துப் போட்டிருந்த படகுக்கு அடியில் டெஸ்ஸாவைத் தள்ளிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"குழந்தை எங்கம்மா?" என்றார் மாநில நீதிபதி ஹால்வர்சன்.

"விளையாடப் போயிருக்கு."

"எங்க?"

"தெரியாது."

சொன்ன பிறகுதான் உறைத்தது. பிள்ளை எங்கே என்றே தெரியாதவளிடம் எந்த நீதிபதி பிள்ளையை விடுவார்? தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டாளே, பாவி!

எங்கள் நீதிபதி ரொசெல்லா உதட்டைக் குவித்துப் படகைக் காட்டினாள். "நல்ல இடம்தான்டி. எங்கம்மா என்னை உருளைக்கிழங்குக் குழிக்குள்ள போட்டா. தும்மித் தொலைச்சேன், பிடிச்சிட்டுப் போயிட்டாங்க."

படகுக்கு அடியிலிருந்து சின்னக் குரல் வந்தது. "பெரியம்மா, உன்னைத் தூக்கிட்டுப் போன காரு போயிருச்சா?"

ஹால்வர்சனுக்கு முகம் சிவந்துவிட்டது. போய்க் காரை எடுத்தார். சாலைத் திருப்பத்துக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிறுத்திவிட்டு, சேற்றில் நடந்தே திரும்பி வந்தார்.

"இப்ப உள்ள வரலாமாம்மா?"

குழந்தை பெரியம்மாவிடமே இருக்கட்டும் என்று இரண்டு நீதிபதிகளும் கையெழுத்துப் போட்டார்கள். மார்லிஸ் தேம்பித் தேம்பி அழுதாள், நன்றியும் சொன்னாள். படகை மட்டும் நிமிர்த்தவில்லை. அந்த வருஷம் ஏரியில் விளையும் காட்டரிசிக் கதிரைப் படகுக்குள் தட்டிச் சேர்க்கப் பக்கத்து வீட்டுப் படகை இரவல் வாங்கிக்கொண்டு போனாள்.