அம்மா ஜீப் ஓட்டின மத்தியானம்

ஜெராக்ஸ் மிஷின் சூடாவும்போது ஒரு வாசனை வரும் பாருங்க... பேப்பர் லேசா கருகுற மாதிரி. என் பதினெட்டு வயசுன்னாலே எனக்கு அந்த வாசனதான்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, மாடியில ஒரு கம்ப்யூட்டர் சென்டர். ரெண்டாயிரம் தாண்டி ரெண்டு மூணு வருஷம் ஆயிருக்கும். ப்ளஸ் டூ முடிச்சிட்டு, காலேஜ் சேர வழியில்லாம அங்க டைப்பிங் வேலைக்குப் போனேன். நடத்தினது ஸ்டெல்லா அக்கா. மொத்தமே மூணு சிஸ்டம், ஒரு ஜெராக்ஸ் மிஷின்தான்.

மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் ஈ காக்கா வராது. அப்பதான் அக்கா ஒரு கேம் சிடிய போடுவாங்க. ஜீப் ஓட்டுற கேம். ரேஸ் உண்டு, ஆனா ரேஸ்தான் ஓட்டணும்னு இல்ல. ரோட்ட வுட்டு எறங்கி மலை, மணல், ஆறுன்னு எங்க வேணா போய்க்கினே இருக்கலாம். எங்க சிஸ்டம் அத தாங்காது. வண்டி வளைஞ்சா, எதிர்ல மலை கொஞ்சம் லேட்டாதான் வரும்...

எங்க ஊரு திருப்புலிவனம் தாண்டி உள்ள. எங்க காலனில இருந்து டவுனுக்கு வேலைக்குப் போன மொத பொண்ணு நான். பேச்சு வராம இருக்குமா?

"உன் பொண்ணு பசங்களோட ஒக்காந்து கேம் ஆடிக்கினு கீதாம்"னு நடவு நட்டுக்கினு இருந்த அம்மா காதுல யாரோ போட்டுட்டாங்க.

அம்மா பாதி நடவுல கரையேறி, அப்படியே பஸ் புடிச்சி வந்துடுச்சி.

நான் அப்ப ஒரு மேட்டுல ஜீப்ப ஏத்திக்கினு இருந்தேன். "வாங்கம்மா"ன்னு அக்கா குரல். திரும்பினா கதவுகிட்ட அம்மா. முட்டி வரைக்கும் சேறு காஞ்சி போய் கீது.

"எழுந்துரு. வூட்டுக்கு வா. நீ வேல செஞ்சது போதும்."

ரூம்ல பசங்க யாரும் இல்ல. ஆனா கேம் ஓடுது, கையும் களவுமா மாட்டிக்கினேன். 

அக்கா வாதாடல. "கூட்டினு போங்கம்மா, உங்க பொண்ணு. ஆனா அது இன்னா ஆடுதுன்னு ஒரு வாட்டி பாத்துட்டுப் போங்க"ன்னு ஒரு சேர் இழுத்துப் போட்டாங்க.

"பொடவையெல்லாம் சேறும்மா... சேர் அழுக்காயிடும்."

"தொடச்சிக்கலாம். ஒக்காருங்க."

அம்மா நுனில ஒக்காந்துச்சி. அக்கா அம்மா வெரல எடுத்து பட்டன் மேல வெச்சி அமுக்குனாங்க. ஜீப் நகர்ந்துச்சி. அம்மா வெடுக்குனு கைய எடுத்துடுச்சி. அப்பறம் மெதுவா, தானாவே வெச்சிது. ரோட்டு ஓரமாவே, யாருக்கோ வழி வுடுற மாதிரி ஓட்டிச்சி.

"ரோட்ட வுட்டு எறங்கும்மா"ன்னேன்.

"இது யாரு நெலம்?"

"யாருதும் இல்லம்மா."

"யாராவது கேட்டா?"

"யாரும் கேக்க மாட்டாங்க."

அம்மா என் மூஞ்சியவே பாத்துச்சி. ஊருல ஒரு வாட்டி வரப்பு மேல குறுக்க நடந்ததுக்கு அம்மாவ நிக்க வெச்சி திட்டினாங்க. வருஷக்கணக்கா அம்மா நாத்து நட்ட வயலுதான் அது.

ரோட்ட வுட்டு எறங்கிடுச்சி அம்மா. மணல்ல பூந்து, மேட்டுல ஏறி, ஜீப் கவுந்துச்சி. "ஐயோ!"ன்னு என் கைய இறுக்கிப் புடிச்சிக்கிச்சி. அக்கா ஒரு பட்டன தட்டினதும் வண்டி நிமிந்துச்சி. அம்மா சிரிச்சிது பாருங்க... வூட்ல அப்படி ஒரு சிரிப்ப நான் கேட்டதே இல்ல.

அரமணி நேரம் போராடி மலை உச்சிக்கு ஏத்திட்டு நிறுத்திச்சி.  கீழ தெரிஞ்ச நெலத்தையே பாத்துக்கினு இருந்துச்சி.

அப்பறம் எழுந்து, அக்கா வேணாம்னு சொல்லச் சொல்ல முந்தானையால சேர்ல ஒட்டின மண்ண தொடச்சிது.

"எத்தினி மணிக்கி வேல முடியும்?"

"ஆறும்மா."

"நான் கீழ ஒக்காந்துனு கீறேன். முடிச்சிட்டு வா."

பஸ்ஸுல ஜன்னலோரம் எனக்கு வுட்டுச்சி. பாதி தூரம் வந்தப்பறம் மெதுவா கேட்டேன். "நாளிக்கு...?"

"நாளிக்கும் போ. எவனா கேட்டா எங்கிட்ட அனுப்பு. நானே ஆடிட்டு வந்தேன்னு சொல்றேன்."

அங்க இன்னும் ரெண்டு வருஷம் வேல செஞ்சேன். அந்த டைப்பிங்தான் காஞ்சிபுரத்துல ஒரு ஆபீஸ்ல வேல வாங்கிக் குடுத்துச்சி. இன்னி வரைக்கும் சோறு போடுது. ஸ்டெல்லா அக்கா அன்னிக்கு ஒரு வார்த்த எதுத்துப் பேசியிருந்தா, அம்மா என்ன இழுத்துக்கினு போயிருக்கும். அப்படி பேசாம ஒரு சேர் போட்டாங்க. அதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு இன்னும் தெரியல.

இப்ப என் பொண்ணு கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல படிக்கிது. டூர் போவட்டுமா, இன்டெர்ன்ஷிப் போவட்டுமான்னு வீடியோ கால்ல கேக்கும். ஒரே நிமிஷத்துல "போ"ன்னுடுவேன். நல்ல காலம்தான், மனசார சந்தோஷம்தான்.

ஆனா அன்னிக்கு பஸ்ஸுல அம்மா சொன்ன "போ"வுக்கு அப்பறம் நான் அம்மா தோள்ல சாஞ்சி, சேத்து வாசனையோட வூடு வரைக்கும் வந்தேனே... அது மட்டும் போன்ல வராது.