கல்லறை முன் அழுதவர்

என் மனைவியின் தம்பி அத்திபெலே அருகே லாரி மோதி இறந்தான். இருபத்தாறு வயது. ஓசூரில் வேலை முடித்து, ஒக்கலிபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத்தான் பைக்கில் வந்துகொண்டிருந்தான்.

நாற்பதாம் நாள் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தோம். பேசியவர் என் அப்பா. தங்கவயல் சுரங்கத்தில் உழைத்து, அது மூடிய பின் எங்களோடு வந்து தங்கியவர். சபையில் மூப்பர். வேத விஷயத்தில் அவரோடு வாதாட யாரும் துணிய மாட்டார்கள்.

இறந்துபோன தன் நண்பன் லாசருவின் கல்லறை முன் இயேசு அழுததைப் பற்றிப் பேசினார். "அவர் தேவன். இன்னும் கொஞ்ச நேரத்துல லாசருவ உயிரோட எழுப்பப் போறோம்னு அவருக்குத் தெரியும். அப்புறம் ஏன் அழுதார்? துக்கத்துல எப்படி நடந்துக்கணும்னு நமக்குக் காட்டத்தான்."

சமையலறை வாசலில் டீத் தட்டோடு நின்ற என் மனைவி கேட்டாள்: "அப்ப நடிச்சாரா மாமா?"

அவள் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. வந்திருந்தவர்கள் குனிந்துகொண்டார்கள்.

"நடிப்பு இல்லம்மா. அவருக்குள்ள ரெண்டு சுபாவம். மனுஷ சுபாவம் அழுதுச்சு, தெய்வ சுபாவம் அழல."

"பாதி அழுதுச்சு, பாதி வேடிக்கை பாத்துச்சா? அப்படிப்பட்டவர் எனக்கு வேணாம்."

தட்டைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அடுத்த மூன்று ஞாயிறும் கோயிலுக்கு வரவில்லை. அவளும் அப்பாவும் ஒரே வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடமாடினார்கள். எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. சிவாஜிநகரில் நான் வேலை செய்யும் துணிக்கடையில் ஒரே துணியைத் திரும்பத் திரும்ப அளந்தேன். "எஷ்டு சல அளீத்தீரா?" என்று ஓர் அம்மா கன்னடத்தில் அலுத்துக்கொண்டார், எத்தனை தடவைதான் அளப்பீர்கள் என்று.

அன்று மதியமே போதகரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இதுக்காக ஒரு காலத்துல சபைங்களே உடைஞ்சுதுப்பா. சுபாவம் ரெண்டு, ஆனா ஆள் ஒருத்தர்தான். ரெண்டும் கலக்கவும் இல்ல, பிரியவும் இல்ல. சுபாவமா அழும்? ஆள்தான் அழுவார். அப்பாகிட்ட சொல்லு."

அப்பாவிடம் சொன்னேன். மனைவியிடமும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே, "போதகர் சொன்னது இருக்கட்டும். நீங்க என்ன நம்புறீங்க?" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு ரயில் நிலையம் வரை சும்மா நடந்து திரும்பினேன்.

சில நாள் அப்பா பழைய புத்தகங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு இருப்புக்கொள்ளாமல் இருந்தார். ஒரு சனிக்கிழமை காலை, நாங்கள் மாடியில் துணி காயப்போடும்போது படியேறி வந்தார். மூச்சு வாங்கியது.

"நான் பிரிச்சுச் சொன்னது தப்பும்மா. அழுதது அவரேதான். முழுசா."

"எழுப்பப் போறோம்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்தான். அது எப்படின்னு எனக்குத் தெரியல."

அப்பா வாயிலிருந்து 'தெரியல' என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "சுரங்கத்துல என் கூட்டாளி செத்தப்போ நான் அழல. பரலோகத்துல பாக்கப் போறோம், அழுதா விசுவாசம் இல்லன்னு ஆயிடும்னு நெனச்சேன். உன் தம்பிக்கும் அழல" என்றார். என் மனைவி ஈரக் கையோடு அவர் தோளைப் பிடித்து, தண்ணீர்த் தொட்டி அருகே உட்காரவைத்தாள். இருவரும் அழுதார்கள். நான் வாளியைப் பிடித்தபடி நின்றேன்.

மறுநாள் அவள் கோயிலுக்கு வந்தாள். அப்பா தான் சொன்னது தவறு என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டார். அதன்பிறகு வீட்டில் பேச்சும் சிரிப்பும் திரும்பின.

எனக்குத்தான் இன்னும் அடங்கவில்லை. அழுதவர் லாசருவை எழுப்பினார். என் மனைவியின் தம்பியை எழுப்பவில்லை. கோயிலில் 'விசுவாசிக்கிறேன்' என்று விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லாரும் எழுந்து நிற்கும்போது என் வாய் பாதியில் நின்றுவிடுகிறது. அப்பாவிடம் கேட்கலாம். இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறார் என்று கேட்காமலே இருக்கிறேன்.