விதைநெல் இருந்த அறை

குத்தாலம் பக்கம் எங்கள் ஊர். பக்கவாதம் வந்தபின் அப்பாவால் கொல்லையில் இருக்கும் கழிப்பறைக்கு நடக்க முடியவில்லை. அம்மாவும் நானும்தான் தூக்கிச் செல்வோம். வீட்டுக்குள்ளேயே பாத்ரூம் கட்டிவிட நினைத்தேன். வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்துக்கொள்ளக் கம்பி, வழுக்காத டைல்ஸ் என்று எல்லாம் யோசித்து வைத்தேன். ஆனால் அதற்கு இருந்த ஒரே இடம், அப்பா விதைநெல் மூட்டை வைக்கும் சின்ன அறை.

"படிச்ச புள்ள யோசனையைப் பாரு. நெல்லு இருக்கற எடத்துல கக்கூஸாம்! நாளைக்கு நான் எழுந்து நடக்கறப்ப விதைக்கு எங்க போறது?" என்றார் அப்பா. எத்தனை முறை கேட்டாலும் அதே பதில்தான்.

ஐப்பசி மழையில் ஒருநாள் தூக்கிச் செல்லும்போது அம்மாவுக்குக் கால் வழுக்கியது. மூன்று பேரும் சேற்றில் விழுந்தோம். உள்ளே வந்ததும் அம்மா அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"மேஸ்திரிய வரச் சொல்லு தம்பி," என்றார் அப்பா. "அந்த நெல்ல யாருக்காவது விதைக்குக் குடுத்துடு."

"மூட்டைய கூடத்துல வச்சுக்கலாம்ப்பா."

"எதுக்கு? யாரு விதைக்கப் போறா?"

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். நாற்றங்காலில் விதை தெளிக்கக்கூடத் தெரியாது. அன்றைக்கே மூட்டையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மேஸ்திரி வந்து காலி அறையை அளந்தார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்ட சம்மதம்தான் அது. ஆனால் மறுத்துக்கொண்டிருந்த வரையில், எழுந்து நடப்போம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். இப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த நம்பிக்கை இல்லை.