ஓல்டு இங்கிலீஷ் எழுத்தில் என் கல்யாணம்

நேற்று ஒத்தக்கடை பஸ்ஸில் எனக்கு முன்னால் நின்ற பையனின் பனியனில் ஏதோ வெளிநாட்டுப் பாட்டுக் கோஷ்டியின் பெயர். கொட்டை கொட்டையாக, மூலைக்கு மூலை கூராக, கறுகறுவென்று ஓர் எழுத்து. பார்த்ததும் சிரித்துவிட்டேன். பையன் முறைத்தான். தம்பி, இந்த எழுத்தால்தான் என் கல்யாணமே நிற்க இருந்தது என்று அவனிடம் எப்படிச் சொல்ல?

வெள்ளைக்காரன் காலம் அது. மதுரையில் ஓர் அச்சாபீஸில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓல்டு இங்கிலீஷ் என்போம் அந்த எழுத்தை. பட்டம், பத்திரம், கோர்ட்டு நோட்டீஸ், இவற்றின் தலைப்புக்கு மட்டும்தான் எடுப்பது. ஒரு பக்கம் முழுக்க அதில் அச்சுக் கோத்தால் புரூப் பார்க்கிற எனக்கே தலை சுற்றும்.

முதலாளிக்கோ அதன்மேல் அப்படியொரு மோகம். என் கல்யாணப் பத்திரிகையைத் தன் செலவில் போட்டுத் தருகிறேன் என்று, முழுவதையும் இங்கிலீஷில், அந்த எழுத்திலேயே கோத்துவிட்டார். "தமிழ்லயும் நாலு வரி போடலாமே முதலாளி?" என்றேன். "போடா, கம்பீரம் கெட்டுப்போயிரும்!" ஓசிப் பத்திரிகைக்கு அதற்குமேல் வாயைத் திறக்க முடியுமா?

எழுமலையில் எனக்கு இரண்டு தாய்மாமன்கள். கிணற்றுப் பங்குக்காக வழக்காடிக்கொண்டு, முகத்தில் முழிக்காத அண்ணன் தம்பி. மாமன் கையால் மாலை விழாமல் எங்களில் மாப்பிள்ளை மணையில் உட்கார முடியாது. வெற்றிலை பாக்கோடு நேரில் போய் அழைக்க வேண்டும். ஆனால் எந்த வீட்டு வாசலை முதலில் மிதித்தாலும் மற்றவர் வரமாட்டார். அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். "ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல தபால்ல போட்ருடா. எவனும் மூஞ்சியத் தூக்க முடியாது." மரியாதையாக இருக்கட்டுமே என்று முதலாளி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவைத்தார். மகராசன்!

முகூர்த்தத்தன்று சத்திரம் நிறைய ஜனம், மாமன்களைத்தான் காணோம். ஐயர் அவசரப்படுத்துகிறார். பெண் வீட்டில் முணுமுணுப்பு. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாய் நடக்கிறாள். 

நேரம் தப்பப்போகிற சமயத்தில் ஒரு ஜட்கா வந்து நின்றது. இரண்டு மாமன்களும் ஒரே வண்டியில்! பின்னாலேயே இன்னும் இரண்டு வண்டி நிறைய யார் யாரோ.

"ஏன்டா மாப்ள, கல்யாணத்துக்கா கூப்புட்ட?" பெரிய மாமன் வாசலிலேயே கத்தினார். "கோர்ட்டு எழுத்துல காயிதம் வந்தா நான் என்னத்தக் கண்டேன்? இந்தப் பய சம்மன் விட்ருக்கான்னு, சாட்சிகளக் கூட்டிக்கிட்டுக் காலையிலருந்து கோர்ட்டு வாசல்ல நிக்கிறேன்!"

"நான் மட்டும் என்ன, கெடா வெட்டவா போனேன்?" என்றார் சின்ன மாமன்.

நடந்தது இதுதான். தேதி, மணி, மதுரை, இவ்வளவுதான் ஊர் வாத்தியாருக்குப் பிடிபட்டிருக்கிறது; மிச்சமெல்லாம் சட்ட பாஷை என்று சொல்லிவிட்டார். கோர்ட்டு வாசலில் இருவரும் ஒரே மாதிரிக் காகிதத்தை நீட்டி நீட்டிச் சண்டை போட, ஒரு வக்கீல் குமாஸ்தா வாங்கிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்து, இது கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி எல்லாரையும் வண்டியேற்றி விட்டிருக்கிறார்.

"வியாக்கியானம் பெறகு. மொதல்ல மாலையப் போடுங்கடா!" என்றாள் அம்மா. போட்டார்கள். இரு தரப்புச் சாட்சிகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்தார்கள். அடுத்த வாய்தாவில் வழக்கு வழக்கம்போல நடந்தது, அது வேறு விஷயம்.

அச்சாபீஸ் இருந்த இடத்தில் இன்று துணிக்கடை. எழுத்தையெல்லாம் ஈயமாக உருக்கி விற்றுவிட்டார்கள். மாமன்மார் போய்ச் சேர்ந்தார்கள், கிணறும் தூர்ந்துவிட்டது. போன மாதம் என் பேத்திக்குக் கல்யாணம். பச்சைப்பிள்ளைகூட வாசிக்கிற மாதிரி, நல்ல தமிழில் பத்திரிகை அடித்து, மாமன்மாரின் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அனுப்பினேன். பத்திரிகை ரொம்ப அழகாக இருக்கிறது என்று எல்லாரும் பதில் எழுதினார்கள். ஒருத்தரும் வரவில்லை.