பத்மாவதி அக்கா போகாத பாரிஸ் கலியாணம்

முதியோர் இல்லத்துச் சமையலறையில் காலைக் கஞ்சியைக் கிளறிக்கொண்டு நின்றபோது தொலைபேசி வந்தது. "அன்ரி, அம்மா எழும்பேல்லை" என்றாள் தர்சினி. பத்மாவதி அக்காவின் ஒரே மகள். நித்திரையிலேயே இதயம் நின்றுவிட்டதாம். அன்று அக்காவுக்குப் பின்னேர வேலை. அவருடைய ஏப்ரன் கதவுக்குப் பின்னால் கொழுவியபடி கிடந்தது. நான் அடுப்பை நிற்பாட்டவும் மறந்து போனேன். கஞ்சி அடிப்பிடித்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டவளும் தர்சினிதான். பதினொரு ஆண்டுகள் ஒரே சமையலறையில் அருகருகே நின்றவள் நான். எழுத எனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் இந்த மலரில் மற்றவர்கள் எழுதியிருப்பதைப் போல அவர் பொய்யே பேசாதவர் என்று என்னால் எழுத முடியாது. எனக்கு அவர் சொன்ன பொய் ஒன்று இருக்கிறது. அதற்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அக்காவைத் தெரியாதவர்களுக்கு: யாழ்ப்பாணத்திலிருந்து கைக்குழந்தையோடு ஒஸ்லோ வந்தவர். கணவரை இளவயதிலேயே இழந்தவர். ரொம்சோஸ் மாடிக் குடியிருப்பில் மகளைத் தனியாக வளர்த்து ஆளாக்கினார். உருளைக்கிழங்கை அவர் உரிக்கும் வேகத்தைப் பார்க்க நோர்வேக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள். கோபம் வந்தால் கதைக்க மாட்டார்; பாத்திரங்கள் கதைக்கும்.

2004 கோடையில் வேலையிடத்தார் எங்களை ஃபியோர்ட் என்னும் கடற்கழியின் கரைக்கு உல்லாசமாகக் கூட்டிப் போனார்கள். நாங்கள் இருவரும் குடை நிழலில் கட்லெட் பெட்டியைக் காவல் காத்துக்கொண்டிருந்தோம். தண்ணீரில் ஒரு நரைத்த தலைப் பெண்மணி பலகை ஒன்றில் நின்று, கையில் படகுப் பாயைப் பிடித்தபடி காற்றோடு போனார். விண்ட்சர்ஃபிங் என்றார்கள். அக்கா கட்லெட்டை வாயில் வைக்காமலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடி வசந்தி, இந்த மனுசிக்கு ஏலுமெண்டால் எங்களுக்கேன் ஏலாது?"

"அக்கா, எனக்கு நீந்தவே தெரியாது."

"திருகோணமலையிலை கடற்கரையோடை பிறந்தனி, இதைச் சொல்ல வெக்கமில்லையோ? எனக்கும்தான் தெரியாது. பழகுவம்."

பழகினோம். நீச்சல் மண்டபத்தில் பெண்களுக்கான நேரத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க உதைத்துப் பழகினோம். அடுத்த கோடையில் பயிற்சி வகுப்புக்கும் போனோம். எனக்கு நாலாம் நாள் கால் நிலைத்தது. அக்காவுக்கு நிலைக்கவில்லை. பாயை அரைவாசி தூக்குவார், "இந்தா, இந்தா" என்பார், தடாலென்று விழுவார். வாய்க்குள் போன உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, "காத்துப் பிழை" என்பார். நான் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். அவரும் சிரித்தார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"இஞ்சத்தைத் தண்ணி குளிர். கை விறைச்சால் என்னெண்டு பாய் பிடிக்கிறது? கிரீஸுக்குப் போவம்" என்றவர் அவர்தான். நூலகக் கணினியில் தேடித் தேடி நக்சொஸ் தீவைக் கண்டுபிடித்தார். ஆகஸ்ட்டில் வடக்கிலிருந்து விடாமல் காற்று வீசுமாம். ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியில் எல்லாவற்றையும் எழுதினார். எந்த மாதம் எவ்வளவு காற்று, எந்த அறைக்கு அடுப்பு உண்டு, ஏதென்ஸிலிருந்து கப்பல் எத்தனை மணிக்கு. கடைசிப் பக்கத்தில், 'சின்ன அரிசிக் குக்கர் மறக்கக் கூடாது' என்று சிவப்பு மையில் கோடிட்டிருந்தார்.

கணவரை இழந்த பெண் கடலில் பாய் பிடிக்கிறாள் என்றால் தமிழ்க் கடையில் என்ன கதை வருமென்று எங்களுக்குத் தெரியாதா? ஆகவே நீச்சலுக்குப் போனதை மொழி வகுப்பு என்றோம். பயிற்சி வகுப்பை வேலையிடத்துக் கருத்தரங்கு என்றோம். ஊருக்குச் சொன்ன பொய்களையெல்லாம் இருவரும் சேர்ந்து உருளைக்கிழங்கு உரித்தபடியேதான் தயாரித்தோம். எனக்கென்று தனியாக ஒரு பொய் தயாரிப்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

2006 ஆகஸ்ட்டில் போவதென்று முடிவாகியிருந்தது. அந்தப் பங்குனியில் திருகோணமலையில் என் அம்மா காலமானார். முதலாண்டுத் திதியான ஆட்டத்திவசம் முடியும்வரை எங்கள் வீட்டில் கொண்டாட்டம், உல்லாசப் பயணம் எதுவும் இல்லை. நான் சொல்லும் முன்பே அக்கா கொப்பியை மூடி வைத்தார்.

"வருசம் முடியட்டும். தீவு எங்கையும் ஓடாது. உன்னை விட்டிட்டு நான் போகமாட்டன், யோசியாதை."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த ஆண்டைக் கடந்தேன். அதே ஆகஸ்ட்டில் அக்கா கேட்டார்: "பாரிசிலை தங்கச்சியின்ரை மகளுக்குக் கலியாணம். இரண்டு கிழமைக்கு என்ரை வேலையளை நீ எடுப்பியோ?" எடுத்தேன். என்னுடைய வேலை காலையில், அவருடையது பின்னேரம். இரண்டு கிழமையும் கால் வீங்கி வீடு வந்தேன்.

அவர் திரும்பி வந்து கலியாணக் கதை சொன்னார். மாப்பிள்ளை கட்டையாம். கத்தரிக்காய்ப் பிரட்டலுக்கு உப்புக் கூடவாம். முகமெல்லாம் கறுத்திருந்தது. "பாரிசிலை இவ்வளவு வெயிலோ அக்கா?" என்று கேட்டேன். "மண்டப வாசலிலை நிண்டு ஆக்களை வரவேற்றனான்" என்றார், கண் இமைக்காமல்.

மறு ஆண்டு அவருக்கு முழங்கால் வருத்தம்; போக முடியவில்லை. இந்த ஆண்டு ஆகஸ்ட்டுக்கு இருவர் பெயரிலும் விமானச் சீட்டும் நக்சொஸில் ஓர் அறையும் போட்டோம். "அந்தத் தண்ணி கன தூரத்துக்கு இடுப்பளவுதான், பயப்பிடாதை" என்றார். "உங்களுக்கு என்னெண்டு தெரியும்?" என்றேன். "வாசிச்சனான்" என்றார்.

செத்தவீட்டுக்கு மறுநாள் தர்சினி அந்தக் கொப்பியை என்னிடம் தந்தாள். அதற்குள் ஒரு படம் கிடந்தது. நீல நிறக் கடல். இடுப்பளவுத் தண்ணீருக்கு மேலே, பலகையில், மஞ்சள் பாயைப் பிடித்தபடி பத்மாவதி அக்கா நிற்கிறார். விழவில்லை. வாய் நிறையச் சிரிப்பு. படத்தின் மூலையில் 2006 ஆகஸ்ட் என்று திகதி. நான் அவருடைய பின்னேர வேலையைச் செய்துகொண்டிருந்த மாதம் அது.

"நக்சொசுக்கு அம்மா தனியத்தான் போனவ. உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நினைச்சன்" என்றாள் தர்சினி. என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "உங்களுக்கு முன்னாலை விழுந்து விழுந்து வெக்கமாக் கிடக்கு எண்டவ. ஒருக்கால் எழும்பி நிண்டிட்டு வாறன் எண்டு போனவ, அன்ரி."

இதைக் கேட்டு மனம் ஆறியது என்று எழுதினால், நானும் பாரிஸ் கலியாணத்துக்குப் போய் வந்தவளாகிவிடுவேன். ஆறவில்லை. என் சிரிப்பு அவரைச் சுட்டிருந்தால் என்னிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வாயை மூடியிருப்பேன். என் தாய்க்கு நான் துக்கம் காத்த நேரத்தில், காத்திருப்பேன் என்று சொன்ன வாயோடு போனாரே, அதுதான் வலிக்கிறது. அதைவிட இன்னொன்றும் வலிக்கிறது. அவர் எழுந்து நின்ற அந்த நாளை நான் பார்க்கவில்லை. கரையில் நின்று கைதட்ட வேண்டியவள், இங்கே அவருடைய உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று நக்சொஸ் அறையை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். "ஏன் அன்ரி? உங்களுக்குத் துடக்கு இல்லைத்தானே, நீங்கள் போகலாம்" என்றாள் தர்சினி. உண்மைதான். நான் இரத்த உறவு இல்லை; சாவுத் தீட்டு எனக்கு இல்லை. உங்களுக்காக ஒரு நாள் கூடத் துக்கம் காக்கும்படி என்னை யாரும் கேட்கப்போவதில்லை, அக்கா.

ஆனாலும் காக்கப் போகிறேன். உங்கள் ஆட்டத்திவசம் முடியும்வரை தீவுக்குப் போக மாட்டேன், பாயைத் தொட மாட்டேன். வருடம் முடியட்டும் என்று எனக்குச் சொன்னவர் நீங்கள். எப்படிக் காத்திருப்பதென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு வரும் ஆகஸ்ட்டில் போவேன். சின்ன அரிசிக் குக்கர் மறக்க மாட்டேன். உங்கள் படத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன், கோபத்தோடுதான் ஒட்டினேன். காலையில் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் மஞ்சள் பாயோடு நிற்கிறீர்கள். நன்றாகத்தான் நிற்கிறீர்கள், அக்கா. போய் வாருங்கள். இந்த முறை எனக்குச் சொல்லிவிட்டாவது போயிருக்கலாம்.